மேகமலைக்குத் தார் போட்டாச்சு... பிரேக் யார் கையில்?

மதுரைக்காரர்களுக்கு மலைக்குப் பஞ்சமில்லை. ஒத்தக்கடையில் யானைமலை படுத்திருக்கிறது. மேற்கே நாகமலை நீண்டு கிடக்கிறது. தெற்கே போனால் பசுமலையும் திருப்பரங்குன்றமும். ஆனால் எல்லாமே அண்ணாந்து பார்க்கிற மலைகள். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறுகிற சின்னப் பாதையை விட்டால், வண்டியோடு வளைந்து வளைந்து ஏறும் மலை ஊருக்குப் பக்கத்தில் கிடையாது. சிறுமலைக்கோ கொடைக்கானலுக்கோ போக வேண்டும். இல்லையென்றால் தேனியைத் தாண்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் காளவாசலில் நின்று பாருங்கள். ஹெல்மெட்டும் முதுகுப் பையுமாகப் பையன்கள் இரண்டு இரண்டு பேராகத் தேனி ரோட்டைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். எங்கே தம்பி என்று கேட்டால் பலரும் சொல்லும் பெயர், மேகமலை.

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு இந்தப் பெயரைச் சொல்லி யாரும் பைக்கை எடுக்க மாட்டார்கள். சின்னமனூரிலிருந்து மேகமலை மேலிருக்கும் ஹைவேவிஸுக்குப் போகும் பாதை, வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்காக வெட்டப்பட்டது. பிறகும் நெடுங்காலம் அது எஸ்டேட் பாதையாகவே கிடந்தது. ஜல்லி பெயர்ந்து, மழையில் அரித்து, ஜீப்பும் லாரியும் அரசு பஸ்ஸும் உருண்டு உருண்டு ஏறும் பாதை. மலை மேலிருப்பவர்கள் ஒரு ஊசி போட்டுக்கொள்ளச் சின்னமனூருக்கு இறங்கினாலும் அந்த நாள் அதிலேயே போய்விடும். அந்தப் பாதையை மாநில நெடுஞ்சாலைத் துறை எடுத்துக்கொண்டு, விரிவாக்கி, தடுப்புச் சுவர் கட்டி, தார் போட்டது. 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் சங்க இலக்கியத்தில் வரும் ஒரு பூவின் பெயரை வைத்து பலகை நட்டார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ மலைப்பாதைகளில் வெறும் எண் மட்டும் எழுதிய வளைவுகளைப் பார்த்துப் பழகியவனுக்கு, இதைச் செய்த அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றுகிறது.

தார் வந்ததும் கூட்டம் வந்தது. வேகமும் கூடவே வந்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்த வேகத்தைப் பற்றியது.

சமவெளியின் பழக்கம்

காளவாசலிலிருந்து விராட்டிபத்து, நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி. இது கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85-ன் ஒரு பகுதி. பகலில் இந்த ரோட்டில் அடிக்கும் வெயிலை மதுரைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் வருகிறது. சமவெளிக்காரனுக்குக் கிடைக்கும் முதல் பாடம் அங்கேதான்: கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் வளைவு, இரண்டு பக்கமும் பாறை. ஆனால் அது பாடம் என்று தெரிவதற்குள் கணவாய் முடிந்துவிடுகிறது. வண்டி மறுபடி நேர்கோட்டில் ஓடத் தொடங்கிவிடுகிறது.

மீட்டர்கேஜ் ரயிலை 2010 கடைசியில் நிறுத்திய பிறகு, 2022 மே மாதம் அகலப்பாதையில் தேனிக்கு ரயில் வரும்வரை, இந்தப் பக்கத்து மக்களுக்கு இந்த ரோடுதான் எல்லாமும். பத்து வருடத்துக்கு மேல் பஸ்ஸும் லாரியும் பைக்கும் இதே ரோட்டில் முட்டி மோதித்தான் போய்வந்தன. அந்த நெருக்கடியில் வண்டி ஓட்டப் பழகிய தலைமுறைதான் இன்று மலையேறுகிறது. முன்னால் போகிற வண்டியை எப்படியாவது முந்து, ஹாரனை அழுத்திப் பிடி, கடைசி நொடியில் பிரேக் போடு. சமவெளியில் இது பல சமயம் பலித்துவிடும். ஓரத்தில் மண்ணாவது இருக்கிறது, வண்டியை இறக்கிவிடலாம். மலையில் அந்த மண் கிடையாது.

தேனியில் குமுளி ரோட்டுக்குத் திரும்பினால் வீரபாண்டி, அப்புறம் சின்னமனூர். நெல்லும் வாழையும் திராட்சையுமாக முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் செழித்த கம்பம் பள்ளத்தாக்கு. பாண்டியர் வரலாறு படித்தவர்களுக்குச் சின்னமனூர்ச் செப்பேடுகள் நினைவுக்கு வரும். பைக்கில் வருகிறவர்கள் இங்கே பெட்ரோல் போடுவார்கள், டீ குடிப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். இன்னும் ஐந்து நிமிடம் நின்றால் நல்லது. டயரில் காற்றைப் பார்க்கலாம், பிரேக்கைப் பார்க்கலாம். அங்கே ஒரு ஒர்க்‌ஷாப் பையன் என் வண்டியின் பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தபடியே சொன்னான்: "ஏறுறதுக்கு இன்ஜின் போதும்ணே. இறங்குறதுக்குத்தான் இதப் பாக்கணும்."

அவன் சொன்னதற்கு மேல் ஒரு மலைப்பாதை வகுப்பு எதுவும் தேவையில்லை. ஆனால் அதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் மறக்காது.

14 மீட்டர் கணக்கு

மலைப்பாதைகளுக்கு இந்தியச் சாலைக் குழுமம் ஒரு அளவு வைத்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவின் உள்பக்க ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும். வளைவுக்குள் ஏற்றம் நாற்பதுக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது. அதனால்தான் நன்றாக அமைத்த வளைவில் நுழைந்ததும் வண்டி ஒரு கணம் சமதரைக்கு வந்ததுபோல் இருக்கும். ரோட்டின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடப் பத்துக்கு ஒன்று என்ற அளவில் உயர்ந்திருக்கலாம். இத்தனையும் செய்துவிட்டு, அந்த வளைவை எந்த வேகத்துக்காக வடிவமைக்கிறார்கள் தெரியுமா? மணிக்கு 20 கிலோமீட்டர்.

இருபது. மதுரை மாசி வீதியில் தேர்க்கூட்டம் கலைந்த பிறகு போகிற வேகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 மீட்டர் ஆரத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் வண்டி சுமார் 13 டிகிரி சாய்ந்தால் போதும். வண்டி ஓட்டத் தெரிந்த யாரும் செய்யலாம், பின்னால் உட்கார்ந்திருப்பவர் கவனிக்கக்கூட மாட்டார். அதே வளைவில் 40-ல் நுழைந்தால் சாய்வு 40 டிகிரியைத் தாண்டுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் வளைவு கேட்கும் பிடிமானம் நான்கு மடங்காகிறது. காய்ந்த, சுத்தமான தாரில் நல்ல டயருக்கே அது கிட்டத்தட்ட எல்லை. அதில் ஒரு கைப்பிடி மணலோ, பனித்துளியோ, லாரி சொட்டிய டீசலோ சேர்ந்தால் எல்லை அங்கேயே முடிந்தது. இதிலும் இந்தப் பாதை பழைய எஸ்டேட் தடத்தின் மேல் போடப்பட்டது. எல்லா வளைவும் புத்தகத்து அளவில் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

பழைய பாதையில் இந்தக் கணக்குக்கு வேலையே இல்லை. குண்டும் குழியும் யாரையும் 20-க்கு மேல் விடவில்லை. எவ்வளவு திமிரான பையனையும் அந்த ஜல்லி அடக்கி வைத்திருந்தது. இன்று ஜல்லி போய்விட்டது. அது செய்த வேலையை ஓட்டுகிறவன் செய்தாக வேண்டும். நல்ல ரோடு போட்டதால்தான் விபத்து என்று சிலர் பேசுகிறார்கள், எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. ரோடு வேண்டும், இன்னும் நல்ல ரோடு வேண்டும். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனங்களில் போனவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. இவற்றில் பெரும்பங்கு மலையில் நடந்ததல்ல, நம் சமவெளியின் நேர் ரோடுகளில் நடந்தது. அந்த ரோட்டுப் பழக்கத்தை மலைக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் என் பயம்.

புதுத் தாரைக் குனிந்து பாருங்கள்

தென்பழனி செக்போஸ்ட்டில் வனத்துறையினர் பெயரையும் வண்டி எண்ணையும் எழுதிக்கொள்கிறார்கள். பிளாஸ்டிக்கும் மதுபாட்டிலும் இருக்கிறதா என்று பையைப் பார்க்கிறார்கள். காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும் பாதை இது. அதற்கு அப்பால் ஏற்றம்.

ஏறத் தொடங்கும் இடத்தில் ஓரமாக நிறுத்தி, புதிதாகத் தார் போட்ட ஒரு இடத்தைக் குனிந்து பார்த்தால் ஒன்று தெரியும். புது ரோடு கன்னங்கரேல் என்று மினுங்கும். ஒட்டுப் போடாத பழைய பகுதி சாம்பல் நிறமாக இருக்கும். பார்க்கிறவர்களுக்குக் கறுப்புதான் கவர்ச்சி. ஆனால் டயருக்குப் பிடித்தது சாம்பல் நிறம். தாரும் ஜல்லியும் கலந்த கலவையை நல்ல சூட்டில் கொட்டி, பரப்பி, ரோலர் ஓட்டும்போது ஒவ்வொரு கல்லையும் தார் ஒரு மெல்லிய தோலாகப் போர்த்திவிடுகிறது. வண்டிகள் ஓடி ஓடி அந்தத் தோல் தேய்ந்த பிறகுதான் கல்லின் சொரசொரப்பு வெளியே வரும். டயருக்கு முழுப் பிடிமானம் அப்போதுதான். போட்ட சில வாரங்களில், அதுவும் முதல் தூறலில், இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். பளபளப்பைப் பார்த்து முறுக்குகிறவர் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, விளிம்பு. பழைய ரோட்டின் மேல் புது அடுக்குப் போடும்போது ரோடு உயர்கிறது, ஓரத்து மண் உயர்வதில்லை. அங்கங்கே ஒரு கை அகலத்துக்குப் படி விழுகிறது. எதிரே பஸ் வந்து, ஒதுங்கப் போய், முன் சக்கரம் அந்தப் படியில் இறங்கிவிட்டால் ரோட்டுக்கு மீண்டும் ஏற்றும்போது வண்டி கவிழ்ந்துவிடும். மூன்றாவது, வளைவுகளின் வெளிப்பக்கத்தில் ஒதுங்கும் பொடி ஜல்லி. நான்கு சக்கர வண்டிகள் அதை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிக் குவித்து வைக்கும். அகலமாகத் திரும்புகிற பைக் சரியாக அதன் மேல்தான் போய் நிற்கும். மேகமலை என்று இல்லை, தமிழ்நாட்டில் புதிதாகத் தார் போட்ட எந்த மலைப்பாதைக்கும் இது பொருந்தும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஏறுகிற சுகத்தைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. இரண்டாம் கியரில் இன்ஜின் ஒரே சீராக உறும, ஒவ்வொரு வளைவிலும் கம்பம் பள்ளத்தாக்கு ஒரு படி கீழே இறங்குகிறது. முதலில் தென்னந்தோப்பின் தலைகள் தெரிகின்றன, அப்புறம் வயல்களின் வரப்புகள், அப்புறம் ஊர்கள். கீழே சட்டை நனைந்து ஏறியவன் பாதி வழியில் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொள்கிறான். சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம்; ஒவ்வொரு 100 மீட்டருக்கும் அரை டிகிரிக்குக் குறையாமல் சூடு இறங்குகிறது. வளைவில் கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கே போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கு, வளைவு முடியும் இடத்தைப் பார்த்தால் அங்கே. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, உள்ளே நுழைந்த பிறகு பிரேக்கைத் தொடாமல் லேசாக முறுக்கிக்கொண்டே வெளியே வருவது. இது கைகூடிய நாளில் மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதைப்போல மனசை ஒருமுகப்படுத்தும் வேலை வேறில்லை. போன் இல்லை, பேச்சு இல்லை. இந்த வளைவு, அடுத்த வளைவு, அவ்வளவுதான். இதற்காக நூறு கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் வருவது தகும் என்றே சொல்வேன்.

இறங்கும்போது

மலையேறுகிறவர்கள் பாடாய்ப்படுவது இறக்கத்தில்தான். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் சாகவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்களின் பழைய விதி. கியரில் இருக்கும்போது இன்ஜினே சக்கரத்தைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறது, பிரேக்குக்குப் பாதி வேலை குறைகிறது. நியூட்ரலில் வந்தால் வண்டியின் எடை முழுவதையும் அந்தச் சின்ன பிரேக் ஷூ சுமக்கிறது. விடாமல் தேய்ந்தால் சூடேறும், சூடேறினால் பிடிக்காது. லிவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காத அந்தக் கணம் வருவது பெரும்பாலும் கடைசிச் சில வளைவுகளில்தான், இதோ வந்துவிட்டோம் என்று மனசு தளரும் இடத்தில்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் வருகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். அதில் இறக்கத்துக்கென்று கியரைக் குறைக்க வழியில்லை. ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு வேகம் குறைந்தால் கிளட்ச் தானாக விடுபட்டு, வண்டி தன் பாட்டுக்கு உருளும். குடும்பத்தோடு ஸ்கூட்டரில் மலைக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. வருகிறீர்கள் என்றால் வழியில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி பிரேக்கை ஆறவிடுங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதை அது தடுக்கும். 40-ல் நுழைந்த வளைவை அது 14 மீட்டரிலிருந்து பெரிதாக்கித் தராது.

ரோடு யாருக்கு?

ஹைவேவிஸில் ஏரிக்கரையில் நின்று போட்டோ எடுத்துவிட்டு நாம் திரும்பிவிடுகிறோம். அங்கிருந்து மணலாறு, வெண்ணியாறு, மகாராஜா மெட்டு, இரவங்கலாறு என்று எஸ்டேட் ஊர்கள் உள்ளே உள்ளே போகின்றன. ஹைவேவிஸ் ஒரு பேரூராட்சி; ஓட்டு உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் குடும்பங்கள் உண்டு. உள்ளே போகப் போக ரோடு ஒரே தரத்தில் இருப்பதில்லை. பிரசவ வலி வந்த பெண்ணையும் பாம்பு கடித்த பிள்ளையையும் கீழே கொண்டுபோகிறவர்களுக்கு இந்தத் தார் ரோடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஞாயிற்றுக்கிழமை வருகிற நாம் யோசிப்பதேயில்லை. நமக்குப் பொழுதுபோக்காக இருக்கும் ஒவ்வொரு வளைவும் அவர்களுடைய பஸ் வரும் வளைவு. கண் தெரியாத திருப்பத்தில் நடு ரோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கும் பைக், அந்த பஸ் டிரைவருக்கு ஒவ்வொரு ஞாயிறும் தலைவலி.

அவர்களுக்கும் முன்னால் இங்கே இருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பச்சைக்குமாச்சி என்று பழைய பெயர் கொண்ட இந்த மலையில் யானையும் காட்டெருமையும் சோலைமந்தியும் இருவாட்சியும் வாழ்கின்றன. ஹைவேவிஸ் எஸ்டேட்டில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஆங்கஸ் ஹட்டன் 1948-ல் ஒரு வௌவாலைப் பிடித்து பம்பாய்க்கு அனுப்பினார். சாதாரணப் பழந்தின்னி வௌவால் என்று கிடப்பில் இருந்த அது, உலகுக்கே புதிய இனம் என்று 1972-ல் தெரிந்தது. பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை அதற்கு வைத்தார்கள். 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் - மேகமலை நாட்டின் 51-வது புலிகள் காப்பகமானது. நம் வைகைக்குத் தண்ணீர் சேர்ந்து வரும் காடு இதுதான். மதுரையில் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற ஒவ்வொருவருக்கும் இந்த மலையோடு கணக்கு இருக்கிறது. சைலன்சரைக் கழற்றிவிட்டு, மலை முழுக்க அதிர ஏறுகிறவர்கள் தங்கள் ஊர்த் தண்ணீரின் தலைமாட்டில் கூச்சல் போடுகிறார்கள். இதை வெறும் குறும்பு என்று என்னால் விட முடியவில்லை. வனத்துறை இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ரோட்டை இன்னும் அகலப்படுத்தலாமே என்ற கோரிக்கையும் கேட்கிறது. பக்கத்தில் போடிமெட்டு - மூணாறு பாதையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். 2017-ல் தொடங்கிய அந்த வேலையில், கேப் ரோடு பகுதியில் பாறையைத் தகர்த்து அகலப்படுத்தியபோது 2019-லும் 2020-லும் மலையே சரிந்து வந்தது. வேலை முடிந்து திறப்பு விழா நடந்தது 2024 ஜனவரியில். இப்போது அது கண்ணைப் பறிக்கும் ரோடு, ஒப்புக்கொள்கிறேன். தேசிய நெடுஞ்சாலைக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கிற, புலிகள் காப்பகத்துக்குள் போகிற மேகமலைப் பாதைக்கு இருக்கிற அகலமே போதும். தேவைப்படுவது வேறு: மலைப்பக்கத்து வாய்க்காலை மழைக்கு முன் தூர்வாருவது, விளிம்புப் படிகளில் மண் நிரப்புவது, கண் தெரியாத திருப்பங்களில் குவிகண்ணாடி வைப்பது, எஸ்டேட் ஊர்களின் கடைசி வீடு வரைக்கும் இதே தாரைக் கொண்டுபோவது. மலை ரோட்டைத் தின்பது வண்டிச் சக்கரத்தைவிடத் தண்ணீர்தான். வாய்க்கால் அடைத்துக்கொண்ட ஒரே மழையில் புதுத் தார் பெயர்ந்துவிடும்.

அடுத்த ஞாயிறு கிளம்புகிற மதுரைத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்: பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் எடுத்துக்கொள்ளுங்கள், சட்டப்படி அவருக்கும் அது கட்டாயம். மழைக்காலமானால் தேனியில் விசாரித்துவிட்டு ஏறுங்கள். மாலை நான்கு மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்குங்கள், செக்போஸ்ட் மூடுகிற நேரத்தை விரட்டிக்கொண்டு இறங்காதீர்கள். திருப்பத்தில் ஒருமுறை ஹாரன் அடியுங்கள், உங்கள் பக்கத்தை விட்டு விலகாதீர்கள், யாரையும் முந்தாதீர்கள். குறுகலான இடத்தில் எதிரே வண்டி ஏறி வந்தால், இறங்குகிற நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். செங்குத்தான பாதையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்று 2017-ன் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை விதி சொல்கிறது.